வாரதுக்கும் பெட்ரோல்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆனி மாதக் காலையில், கோவை விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, வயதில் பெரிய மனிதர் ஒருவரிடம் நான் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டேன். அவர் என்னை எந்த அளவுக்குப் படுத்தினார் என்பதை முதலில் கேளுங்கள். என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் சின்னதாகக் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருந்தோம். பொரிந்த அன்றே பெட்டிக்கு நூறாக அடுக்கி அனுப்பிவிடுவோம். குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் இரண்டு நாளைக்கு அதற்குச் சாப்பாடு. அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மங்களூரில் ஒரு பெரிய வியாபாரி முதன்முதலாக மூவாயிரம் குஞ்சு கேட்டார். லாரியில் அனுப்பினோம். மலைப்பாதையில் மண் சரிந்து லாரி நின்றதில் பாதிக்குப் பாதி செத்துப்போய்விட்டன. இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பதாகவும், அதுவும் இப்படியே ஆனால் இனிமேல் போன் பண்ண வேண்டாம் என்றும் அவர் சொல்லிவிட்டார். அந்த வியாபாரமும் கைவிட்டுப்போனால் பண்ணையை மூட வேண்டியதுதான் என்ற நிலை எங்களுக்கு.

அப்போதுதான் துடியலூரில் ஒருவர் இந்த விமானக்காரரைப் பற்றிச் சொன்னார். ஆனைமலைப் பக்கத்து ஆள். நியூகினித் தீவுக் காடுகளில் இருபது வருஷத்துக்கு மேல் சின்ன விமானம் ஓட்டியவர். மலைச்சரிவில் புல்லை வெட்டிவிட்டு அதுதான் ஓடுபாதை என்பார்களாம். அதில் உப்பும் தகரமும் பன்றிக்குட்டியும் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். ஊருக்குத் திரும்பி, ஒரே ஒரு விமானத்தை வைத்துச் சரக்குக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். இதையெல்லாம் கேட்டுவிட்டு, பெரிய சூரர் ஒருவர் வந்து நிற்பார் என்று நினைத்துப் போனேன். காலில் ரப்பர் செருப்பும் காதில் சாக்பீஸுமாக ஒருவர் மெதுவாக நடந்து வந்தார்.

மெதுவாக என்றால் அப்படியொரு மெதுவு. ஒவ்வொரு பெட்டியையும் தராசில் வைத்தார். எடையைச் சாக்பீஸால் சுவரில் எழுதினார். எழுதியதைத் திரும்ப வாசித்தார். குஞ்சுகள் காது கிழியக் கத்துகின்றன, அவரோ பாலக்காட்டில் ஒரு டீக்கடைக்குப் போன் போட்டு, "ஏனுங்க, மலை கண்ணுக்குத் தெரியுதுங்களா?" என்று நிதானமாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் அவசரமுங்ணா" என்றேன். கொட்டகையில் பெட்டி தூக்குகிறவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க. அதக் கேட்டார்னா இன்னும் மெதுவாயிருவாரு."

குஞ்சுகளோடு எங்கள் வீட்டுக்காரரும் போவதாக ஏற்பாடு. அவரைப் பார்த்து, "சாப்ட்டாச்சுங்களா தம்பி?" என்று விமானக்காரர் கேட்டார். பரவாயில்லை, உபசாரம் தெரிந்த மனிதர்தான் என்று எனக்குக்கூட மனசு இளகியது. "இன்னும் இல்லீங்க" என்றார் இவர். "அப்படீன்னா சாப்ட்டுப்போட்டு வந்துருங்க. அப்புறமா எடை போட்டுக்கலாம்." என் புருஷன் நாலு இட்லியை விழுங்கிவிட்டு வந்து, செருப்போடு தராசில் ஏறி நின்றார். அதையும் சுவரில் எழுதினார்கள்.

கடைசியில் என் விஷயத்துக்கு வந்தார். பெட்டியிலேயே நூற்றுக்கு இரண்டு குஞ்சு கூடுதலாக வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். போன தடவை பட்ட அவமானத்தில் அது போதாதென்று நான் மூன்று பெட்டி முழுசாகவே சேர்த்திருந்தேன். அது போக, அந்த வியாபாரி வீட்டுக்கு ஒரு மூட்டைத் தேங்காய். முதல் தடவையாக ஒருவர் வீட்டுக்குப் போகிறோம், வெறுங்கையோடு போக எங்கள் பக்கத்தில் யாருக்கு மனசு வரும்?

"நீங்க சொன்னது முப்பது பெட்டிங்க அம்மணி. இங்க முப்பத்து மூணு இருக்குது. அப்புறம் இந்த மூட்டை."

"அது கொசுறுங்ணா. தேங்கா அவங்க ஊட்டுக்கு."

சுவரைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "உங்க கொசுறோட எடை ஒரு மணி நேரத்துப் பெட்ரோலுங்க. ரெண்டுல ஒண்ணத்தான் ஏத்த முடியும்."

"அப்ப அந்தப் பெட்ரோலக் கொறைச்சுக்கங்க."

"அது திரும்பி வாரதுக்குங்க."

"வாரப்ப அங்கயே ஊத்திக்கிட்டாப் போச்சு. மங்களூர்ல பெட்ரோல் இல்லீங்களா?"

"எறங்குனாத்தானுங்க ஊத்த முடியும்."

"எறங்காம பின்ன எங்க போறீங்க?"

அவர் மூட்டையைத் தூக்கி என் காலடியில் வைத்தார். மூன்று பெட்டிகளையும் அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு இறக்கை மேல் ஏறி, கோடு கிழித்த ஒரு மரக்குச்சியைப் பெட்ரோல் தொட்டிக்குள் விட்டு எடுத்து, முழுக்க நனைந்திருக்கிறதா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விமானத்தில் அளவை முள் காட்டுகிற கருவி இருக்கிறதாம், அதை நம்ப மாட்டாராம்! "போய்ட்டு வாரேனுங்க" என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு கிளம்பியபோது மணி ஏழு தாண்டிவிட்டது.

நான் வயிற்றெரிச்சலோடு அந்தத் தேங்காய் மூட்டை மேலேயே உட்கார்ந்தேன். முந்நூறு குஞ்சுகள் பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தன. எட்டரைக்கு மங்களூரிலிருந்து போன் வர வேண்டும். வரவில்லை. ஒன்பதும் ஆயிற்று. பத்து மணிக்கு மேல் மேற்கே சத்தம் கேட்டது. அதே விமானம். இறங்கி வந்து நின்று கதவைத் திறந்ததும் மூவாயிரம் குஞ்சும் உள்ளே இருந்து ஒரே குரலில் கத்தின.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "போன காரியம் என்னாச்சுங்ணா?"

"அங்க தரையே இல்லீங்க அம்மணி. ஒரே வெள்ளையா மேகம். இருவது நிமிசம் சுத்திப் பாத்தேன்."

"தரை எங்கீங்க போயிரும்? உங்களுக்குத் தெரியலைன்னு சொல்லுங்க."

"அப்படியும் சொல்லலாமுங்க."

"என்ர பொழப்பே போகுது, நீங்க பாட்டுக்குத் திரும்பி வந்து நிக்கறீங்க?"

"போய்ட்டு வாரேன்னு சொல்லிப்போட்டுத்தானுங்களே கிளம்புனேன்."

அந்த நிதானம்தான் என்னைப் பேச வைத்தது. "காட்டுல ஓட்டுனேன், மலையில ஓட்டுனேன்னு ஊரெல்லாம் சொல்றாங்களே, அதெல்லாம் வெறும் கதைதானுங்களா?"

அவர் கோபப்படவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாளியை எடுத்து, குஞ்சுப்பெட்டிகளைச் சுற்றிக் கட்டுவதற்குச் சாக்கு நனைக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்காரர் இறங்கினார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் சிமெண்டில் அழுத்தி வைத்துக்கொண்டார். தரை இல்லாத ஊருக்குப் போய் வந்தவர் அல்லவா.

பெட்டி தூக்குகிறவர் இறக்கை மேல் ஏறிக் குச்சியை விட்டு எடுத்தார். எடுத்தவர் கீழே இறங்கி வந்து, அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நுனியில் ஒரு விரற்கடை அளவுக்கு ஈரம் இருந்தது. வெயிலில் அதுவும் நான் பார்க்கப் பார்க்கக் காய்ந்தது.

நான் அந்தக் குச்சியைப் பார்த்தேன். என் தேங்காய் மூட்டையைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துப் பெட்ரோல்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை விமானக்காரரே பெட்டிகளை நிழல் நகர நகர நகர்த்தி வைத்தார், சாக்கு காயக் காய நனைத்தார். மறுநாள் விடிந்ததும் பாலக்காட்டு டீக்கடைக்கும் மங்களூருக்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்பினார். எங்கள் வீட்டுக்காரர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து, யாரும் சொல்லாமல் தராசில் ஏறி நின்றார். எட்டரைக்குப் போன் வந்தது. இறந்திருந்த குஞ்சுகள் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மூவாயிரம் குறையாமல் எண்ணி எடுத்துக்கொண்டாராம் வியாபாரி. கொசுறு இல்லையே என்று அவர் கேட்கவும் இல்லை. எங்கள் பண்ணை பிழைத்தது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்தவரிடம், "இந்தத் தேங்காய ஊட்டுக்குக் கொண்டு போங்ணா" என்றேன். சரியென்று தூக்கினார். தூக்கி நேரே தராசில் வைத்து, எடையைச் சுவரில் எழுதி, அதற்குப் பிறகுதான் ஜீப்பில் ஏற்றினார். அப்போதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது, அதற்கு நான் என்ன செய்ய?

அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் வண்டியை எடுத்தாலும், "வாரதுக்கும் பெட்ரோல் இருக்குதா?" என்று வாசலில் மறித்துக் கேட்கிறேன். "நாலு தெரு தள்ளித்தான் போறேன், உடுங்க" என்று பல்லைக் கடிக்கிறார்கள். கடிக்கட்டும், அந்த மனிதர் மேல் நான் பட்ட எரிச்சலையெல்லாம் இப்போது என் பிள்ளைகள் என் மேல் படுகிறார்கள், அவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடுகிறார்கள் என்பதால் எனக்கு அது சுகமாகவே இருக்கிறது.