அந்தோணியாருக்கு அட்வான்ஸ்

பஸ்ஸு இடித்து ரோட்டில் விழுந்த பாக்கியநாதன் கேட்ட முதல் கேள்வி, "சூசையப்பருக்கு என்னா ஆச்சு?" என்பதுதான்.

போதாதா? விருத்தாசலம் பாலக்கரையில் கூடின கூட்டம் மொத்தமும் சூசையப்பரைத் தேட ஆரம்பித்துவிட்டது. ஒருத்தர் பஸ்ஸுக்கு அடியில் படுத்தே பார்த்தார். இன்னொருத்தர் ஆளு எப்படி இருப்பாரு என்று கேட்டார். அந்த வலியிலும் பாக்கியநாதன் யோசித்து, தாடி வச்சிருப்பாரு, கையில பூவு இருக்கும் என்றார். டூட்டியில் நின்ற ஏட்டு ராஜாங்கம் நல்ல மனுசன், ஆனால் மாதா கோயில் பக்கம் போனவரில்லை. உடன் வந்த தாடிக்காரர் சூசையப்பரைக் காணவில்லை என்று எழுதியே விட்டார்.

விஷயம் இவ்வளவுதான். பாக்கியநாதனின் டி.வி.எஸ். வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த பெட்டியில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கிற பீங்கான் பொம்மைகள் இருந்தன. அன்றைக்குப் பார்த்துப் பெட்டி முழுக்க மாதாவின் புருசன் சூசையப்பர்தான். மாதாவும் குழந்தை ஏசுவும் அடுத்த நடையில் போக வேண்டியவர்கள், தப்பித்தார்கள். திட்டக்குடியிலிருந்து வந்த தனியார் பஸ்ஸு, முன்னால் போன கரும்பு டிராக்டரை முந்துகிறேன் என்று இவரை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. பெட்டியில் ஒரு சூசையப்பர்கூட முழுசாக மிஞ்சவில்லை.

பாக்கியநாதனும்தான். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. பிளேட்டு வைத்து, மாவுக்கட்டுப் போட்டு, கட்டையும் பிரித்தாயிற்று. எலும்பு கூடியது. விரல்தான் மடங்கவில்லை. கை இருக்குது, பிடி இல்லை. டம்ளரைப் பிடித்தால் டீ சட்டையில். சட்டைப் பொத்தானைப் போடப் பெண்டாட்டியைக் கூப்பிட வேண்டும். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் அவர் வேலையே கைவேலை. அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றி, இறுகினதும் கவிழ்த்து, ரெண்டு கையாலும் அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுப்பார். ஒத்தைக் கையால் பிரித்தால் பிள்ளையாருக்குத் தும்பிக்கை அச்சோடு போய்விடும். முதலாளி இரக்கப்பட்டு வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். பாக்கியநாதனுக்கு அந்த நாற்காலியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

புதுச்சேரி டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். உள்ளே நரம்பு ஒட்டிக் கிடக்கிறது, இன்னொரு ஆபரேஷன் செய்தால் பிடி வரும், ரொம்ப நாள் விட்டால் வராது. அந்த ஆபரேஷனுக்குத்தான் நஷ்டஈட்டு கேஸு. மற்றபடி பஸ்ஸுக்காரன் சொத்தில் பாகம் வேண்டும் என்றெல்லாம் அவருக்கு ஆசை இல்லை.

ஆனால் ஊர் சும்மா விடுமா? டீக்கடையில் உட்கார்ந்தால் விரல் விரலாக விலை பேசினார்கள். கட்டை விரலுக்குத்தான் ரேட்டு அதிகம், அது மடங்குதா என்று ஒருத்தர் இழுத்தே பார்த்தார். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் காலில் அடிபட்ட யாரோ ஒருத்தர் அந்தப் பணத்தில் மாடி கட்டிய கதையை, பாக்கியநாதனைப் பார்க்கும்போதெல்லாம் புதுசாகச் சொல்வது மாதிரி சொன்னார்கள். டாக்டர்கள் கூடி உட்கார்ந்து ஊனம் முப்பத்தஞ்சு சதவீதம் என்று சர்ட்டிபிகேட் கொடுத்த நாளிலிருந்து அவர் பேரே போய்விட்டது. முப்பத்தஞ்சு வருது பாரு, முப்பத்தஞ்சுக்கு ஒரு டீ போடு. பேர் வைப்பதில் எங்கள் ஊரை அடிச்சுக்க முடியாது.

வக்கீல் கோதண்டபாணி கெட்டிக்காரர். கேஸுக்கு எவ்வளவு உழைத்தாரோ அந்த அளவுக்குப் பாக்கியநாதனையும் பழக்கினார். யார் வந்து கையை மடக்கச் சொன்னாலும் முதலில் வாயைத் திறந்து முடியலைங்க என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் மடக்கிப் பார்க்க வேண்டும். பாக்கியநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நிஜமாவே முடியலையே சார், இதுல நடிக்க என்னா இருக்குது என்றார். உண்மையைத்தான் சொல்லச் சொல்றேன், ஆனா உண்மையை ஒரே மாதிரி சொல்லணும், ஒரு நாள் முடியலைங்கன்னும் ஒரு நாள் பாக்கலாங்கன்னும் சொன்னா அந்தப் பக்கத்து வக்கீல் உன்னை உரிச்சுத் தொங்க விட்டுரும் என்று வக்கீல் பயமுறுத்தினார். அதிலிருந்து மனுசனுக்கு அது ஜெபமாலை மாதிரி ஆகிப்போனது. ஷேர் ஆட்டோவில் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னால்கூட முடியலைங்க என்றுதான் வாயில் வரும்.

இங்கேதான் அமிர்தம் வருகிறார்.

அமிர்தம் பாக்கியநாதனின் பெண்டாட்டி. அதே கம்பெனியில் பொம்மைக்குப் பிசிறு சுரண்டுகிற வேலை. சாதாரணமாகப் புருசனை "என்னாங்க" என்பார், தலைக்கு மேல் போனால் "யோவ்". குகை மாதிரி கட்டியிருக்கிற அந்தோணியார் கெபிக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிறவர். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற சாமி அந்தோணியார். புருசன் கையிலிருந்து பிடி காணாமல் போனதால் இது அவர் இலாகாதான் என்று அமிர்தம் முடிவு கட்டிவிட்டார்.

கெபிச் சுவரில் வேண்டுதல் பலித்தவர்கள் நன்றிக் கல் பதிப்பது வழக்கம். இன்ன நன்மைக்கு நன்றி, இன்ன குடும்பம் என்று வரிசையாக இருக்கும். ஊர்ப்பட்ட சனம் பலித்த பிறகு பதிக்கும். அமிர்தத்துக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. முன்னே ஒரு தரம், மகன் கிளமெண்டுக்கு வேலை கிடைத்தால் கல்லு வைக்கிறேன் என்று வேண்டியதில் வேலை வர வருசக்கணக்கில் இழுத்துவிட்டது. ஏன் இழுத்தது? அமிர்தத்துக்குக் காரணம் தெரியும். கம்பெனியில் தினமும் பார்க்கிறாரே. சீசன் நேரத்தில் எந்த ஆர்டர் முதலில் சூளைக்குப் போகும்? அட்வான்ஸ் கொடுத்தவன் ஆர்டர். சரக்கு வந்ததும் தரேன் என்று வாயால் சொன்னவன் பொம்மை அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். அந்தோணியாருக்கு வருகிற ஆர்டர் கொஞ்சநஞ்சமா? அதனால் இந்தத் தடவை நன்றியை முன்னாலேயே கொடுத்துவிட்டார்.

புருசன் மாவுக்கட்டோடு இருக்கும்போதே பீங்கானில் ஒரு டைல்ஸ் செய்து, நீல எழுத்தில் எழுத வைத்து, மேலே கிளேஸ் பூசிச் சூளையில் சுட்டு எடுத்தார். 'கை முழு சுகம் தந்த புனித அந்தோணியாருக்கு நன்றி. பாக்கியநாதன் குடும்பம்.' சிமெண்டு வைத்துப் பதித்து, பங்குச் சாமியார் மந்திரித்தும் ஆயிற்று. இனி அந்தோணியார் பின்வாங்க முடியாது. இதை அமிர்தம் யாரிடமும் விளக்கவில்லை, இதில் விளக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார்.

பஸ்ஸுக்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனிக்காரர்கள் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு செவ்வாய்க்கிழமை, டக் இன் பண்ணிய ஒருத்தர் கெபியில் பக்தியாக நின்றுகொண்டு, அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்குது என்று கேட்டார். அமிர்தம் பெருமையாகக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய் டைல்ஸைக் காட்டினார். மெழுகுவத்தி வெளிச்சம் பத்தலை, டார்ச்சு அடிச்சு எடுங்க தம்பி என்று போட்டோவுக்கு உதவியும் செய்தார்.

கோர்ட்டில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் இளமதி. குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம். சூசையப்பர் யார் என்ற குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொண்டு, கையை மடக்கச் சொன்னார். முடியலைங்க என்றார் பாக்கியநாதன், பழக்கினபடி. அப்புறம் அந்த போட்டோவை நீட்டி, இதில் உள்ள குடும்பம் உங்க குடும்பம்தானா என்றார். பாக்கியநாதன் வாசித்துப் பார்த்தார். அவருக்கு முழி பிதுங்கிவிட்டது. கோதண்டபாணி தலையில் கை வைத்துக்கொண்டார். முழு சுகம் என்று சாமிக்கே எழுதிக் கொடுத்த ஆளுக்கு நஷ்டஈடு எதுக்கு, ஆபரேஷன் எதுக்கு என்று இளமதி மெதுவாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கேஸு அடுத்த வாய்தாவுக்குப் போனது. கேஸோடு தன் கையும் போனது என்று பாக்கியநாதனுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு வூட்டில் நடந்ததை விவரிக்க வேண்டாம். அமிர்தத்தை அவர் திட்டினதே இல்லை, அன்று திட்டினார். திட்டிவிட்டு, சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் கெபிக்குப் போனார். டைல்ஸைப் பெயர்க்கப் போகிறாராம். சுத்தியலை வலது கையில் பிடித்தார், விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. இடது கையால் ஓங்கினார், சுவரில் பட்டு எகிறியது. சுத்தியலைப் புடிக்க முடிஞ்சிருந்தா கேஸே வேண்டியதில்லையே! அங்கேயே உட்கார்ந்து அழுதார். பின்னாலேயே வந்த அமிர்தம் அதைப் பார்த்தார். கூப்பிடவில்லை. சுத்தியலைப் பொறுக்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு, நேரே வக்கீல் வீட்டுக்கு நடந்தார். என்னைச் சாட்சிக் கூண்டுல ஏத்துங்க என்றார்.

கோதண்டபாணி எவ்வளவோ மறுத்தார். டைல்ஸு உண்மை என்றால் கேஸு தோற்கும், பொய் என்றால் சாமியை ஏமாற்றின குடும்பம் என்று ஆகும், எப்படிப் போனாலும் முட்டுச்சந்து என்றார். ரெண்டுமே இல்லைங்க என்றார் அமிர்தம்.

கூண்டில் ஏறினதும் இளமதி அதைத்தான் கேட்டார். அந்த நன்றி உண்மையா, பொய்யா?

"அது அட்வான்ஸுங்க" என்றார் அமிர்தம்.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, கொஞ்சம் விளங்கச் சொல்லும்மா என்றார். அமிர்தம் சூளையைச் சொன்னார், சீசனைச் சொன்னார், அட்வான்ஸ் கொடுக்காதவன் பொம்மை அலமாரியில் கிடக்கிற கதையைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் செல்போனை நீட்டினார். டைல்ஸ் மந்திரித்த அன்றைக்கு எடுத்த படம். பக்கத்தில் சாமியார், நடுவில் 'கை முழு சுகம்', அதற்குக் கீழே கழுத்திலிருந்து தொட்டில் கட்டி, முழங்கை வரை மாவுக்கட்டோடு, டைல்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாக்கியநாதன். நீதிபதி படத்தைப் பார்த்தார், பாக்கியநாதனைப் பார்த்தார், சட்டென்று இருமல் வந்ததுபோல் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

இளமதி விடுவாரா? சும்மா சொல்லக்கூடாது, நல்ல வக்கீல். அப்ப முழு சுகம் கிடைக்கும்னு உறுதியா நம்புறீங்க, அப்படித்தானே, கிடைக்கும்னா ஊனத்துக்குப் பணம் எதுக்கு என்று மடக்கினார். கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார்.

"நம்புறேங்க. ஆனா அந்தோணியாரு நேர்ல வந்து கத்தி புடிச்சு ஆபரேஷன் பண்ண மாட்டாரு. ஆளைத்தான் அனுப்புவாரு. இந்தத் தடவை உங்க கம்பெனிய அனுப்பியிருக்காருன்னு நெனைக்கிறேன். நீங்கதான் வழியில நின்னுக்கிட்டு இருக்கீங்க."

சிரிப்பு முதலில் எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. நீதிபதிக்கு முன்னால் நிற்கிற டவாலிதான் என்கிறார்கள். நீதிபதி மேசையைத் தட்டினார், ஆனால் ரொம்ப மெதுவாகத் தட்டினார்.

தீர்ப்பில் நன்றிக் கல்லை நீதிபதி ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. ஊனத்துக்கும், இனிமேல் செய்யப்போகிற ஆபரேஷனுக்கும் சேர்த்து நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிவிட்டார். மாடி கட்டுகிற பணமில்லை, கை கட்டுகிற பணம். இன்சூரன்ஸ் கம்பெனி மேலே அப்பீல் போகவில்லை. வராந்தாவில் இளமதி அமிர்தத்தை ஓரமாகக் கூப்பிட்டு, அந்தக் கெபி எந்தப் பக்கம் என்று கேட்டாராம். எதற்கு என்று அமிர்தமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

புதுச்சேரியில் ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, பயிற்சி ஆரம்பித்தது. முதல் கொஞ்ச நாள் ஒன்றும் அசையவில்லை. பாக்கியநாதனுக்கு நம்பிக்கை விட்டுப்போய், திரும்பவும் அந்த வாட்ச்மேன் நாற்காலிதான் தலைவிதி என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் புலம்பினார். அமிர்தத்துக்கும் உள்ளுக்குள் பயம்தான். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிற பார்ட்டியையும் அவர் கம்பெனியில் பார்த்திருக்கிறார்.

ஒரு நாள், பயிற்சி கொடுக்கிற பெண் அனிஷா பாக்கியநாதன் உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து, மடக்குங்க ஐயா என்றது. பாக்கியநாதன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, மூஞ்சியைத் தொங்கப் போட்டு, வருசக்கணக்கில் பழகின அதே குரலில் சொன்னார்.

"முடியலைங்க."

அனிஷா அமிர்தத்தைத் திரும்பிப் பார்த்தது. அமிர்தம் எழுந்து வந்தார். அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, முந்தானையால் வாயை மூடியும் நிற்கவில்லை.

"முடியலைங்க" என்றார் பாக்கியநாதன் இன்னொரு தரம், இன்னும் பாவமாக.

"யோவ்" என்றார் அமிர்தம். "கீழ பாருய்யா."

ரப்பர் பந்து அவர் விரல்களுக்குள் பிதுங்கிக்கொண்டிருந்தது.