நிலத்தில் இருந்து சொன்ன மறுப்பு

லண்டன் வெம்பிளியில் நாங்கள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், கதிரைகளில் இருக்கும் பெரியவர்களைக் கடக்கும்போதெல்லாம் ரினி குனிந்து, வலது கையைத் தாழ நீட்டிக்கொண்டு போவாள். அவளுடைய நாடான இந்தோனேசியாவில் அது மரியாதையாம். வெள்ளைக்காரக் கிழவிகள், இவள் எதையோ தவறவிட்டுத் தேடுகிறாள் என்று தாங்களும் தரையைப் பார்ப்பார்கள். எனக்கோ, இந்தப் பிள்ளை இப்படி வாயில்லாப் பூச்சியாக இருக்கிறதே என்று பரிதாபம்.

போன மாதம் அவள் முகம் வாடிக் கிடந்தது. பண்டுங் நகரில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவளுடைய தங்கை, தன்மேல் கைவைத்த மேற்பார்வையாளன்மீது புகார் கொடுத்திருந்தாள். தங்கையின் பெயர் தேவி, எங்கள் ஊர்ப் பெயரேதான். கூட வேலை செய்யும் பெண்கள் முக்காடும் பதாகையுமாக வாசலில் நின்றார்களாம். அங்கே பெண்கள் இப்போது இதையெல்லாம் வெளியில் பேசுகிறார்கள், சட்டமும் வந்திருக்கிறது. ஆனால் பெரியப்பாவுக்கு மானம் போகிறதாம். தமக்கை சொன்னால் தேவி கேட்பாள், புகாரைத் திரும்ப எடுக்கச் சொல் என்று ரினியை நெருக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு எங்கள் ஊர்தான் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் என் சிநேகிதி ஒருத்தி ரியூசன் வாத்தியாரைப் பற்றி வாய் திறந்தபோது, அவளுடைய படிப்பைத்தான் நிற்பாட்டினார்கள். வாத்தியார் தொடர்ந்து படிப்பித்தார். மினிபஸ்ஸில் உரசுகிறவர்களைக் குத்த நாங்கள் கையில் ஊசி வைத்திருந்தோம், எங்கள் போராட்டம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை, துணைக்கு நான் வேண்டும் என்று ரெய்னர்ஸ் லேனில் உள்ள என் வீட்டுக்கு வந்து, ரினி பெரியப்பாவை வீடியோவில் அழைத்தாள். போனைக் கதிரையில் சாத்திவிட்டுத் தான் நிலத்தில் இருந்தாள். அவர் பேசப் பேச, தலையைக் குனிந்தபடி மெல்ல ஏதோ சொன்னாள். பாஷை தெரியாவிட்டாலும், பிள்ளை பணிந்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. பொறுக்கமாட்டாமல் போனைப் பறித்தேன்.

"ஐயா, அந்தப் பிள்ளை ஒரு பிழையும் செய்யேல்லை. அவளை விடுங்கோ" என்று சுத்த யாழ்ப்பாணத் தமிழில் வெடித்தேன்.

பெரியவர் திகைத்து, இது யார் என்று கேட்டாராம். ரினி சிரிப்பை அடக்கிக்கொண்டு, என் அக்கா என்றாள்.

பிறகுதான் விளக்கினாள். பெரியவர் படத்தில் வந்தாலும் அவருக்கு மேலே இருக்கக்கூடாதாம். ஆனால் நிலத்தில் இருந்துகொண்டு அவள் சொன்னதெல்லாம் மறுப்பு. தங்கை விசாரணைக்குப் போவாள், நான் அவள் பக்கம் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். மறுப்பதென்றால் குரலை உயர்த்தியாக வேண்டும் என்றே நான் நினைத்திருந்தேன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

விசாரணை நாள் காலை, நான் பஸ் தரிப்பில் நிற்கும்போது, ரினி கொடுத்திருந்த என் நம்பருக்குத் தேவி அழைத்தாள். ரினி ஷிப்டில் இருந்ததால் போனை எடுக்கவில்லையாம். உள்ளே கூப்பிடப்போகிறார்கள், லண்டன் அக்கா ஏதாவது சொல்லுங்கள் என்றாள், உடைந்த ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கிலமே வரவில்லை.

"போ பிள்ளை. பயப்பிடாதை" என்றேன்.

விளங்கியதோ இல்லையோ, "ஓகே அக்கா" என்றாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. என் பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் போகவில்லை. ஒருநாளும் கண்டிராத பண்டுங்கில், அந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.