கசெற்றின் இரண்டாம் பக்கம்

அந்தக் கசெற்றைச் செய்தவரை நான் நேரில் கண்டதில்லை. தூரத்து நாடொன்றில், தன் அறையில் பழுதான ஒலிபெருக்கிகளை இரைய விட்டு, அந்த இரைச்சலை ஒலிநாடாவில் பதிந்து, கொஞ்சப் பிரதிகள் மட்டும் வெளியிடுகிறவர். இணையத்தில் தேடினாலும் அது கிடைக்காது. மன்னாரிலிருந்து ஒருவன் கேட்டு எழுதியதே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். காசு வேண்டாமென்று தபாலில் அனுப்பிவிட்டார். அதில் பாட்டுமில்லை, தாளமுமில்லை. ஒரே தொனி, ஒரு பக்கம் முழுவதும், மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டு போகும்.

எங்கள் வீட்டில் முதன்முதல் படித்தவன் நான். பட்டம் முடிந்து வேலைக்குக் காத்திருந்த மாதங்களில் ஓரிடத்தில் இருக்க என்னால் முடியவில்லை. வாசல் படலைக்குப் போவேன், திரும்பி வருவேன். எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரிடமிருந்தும் ஒரே கேள்வி: "இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" பாட்டைப் போட்டால் அது சந்தோசப்படு என்னும், அழு என்னும். இரைச்சல் எதையும் கேட்காது. எனக்குள் ஓடுவதைவிடப் பெரிதாக வெளியே ஒன்று ஓடும்போது கால் கொஞ்சம் ஆறும்.

முதற்பக்கத்தை, கசெற் போடும் வீட்டுப் பழைய றேடியோவில் கேட்டேன். மற்றதை, வீட்டில் ஆளில்லாத பொழுதுக்கென்று விட்டுவைத்தேன். தபசுகாலத்து ஞாயிறொன்றில் அம்மாவும் அப்பாவும் பூசைக்குப் போனதும் திருப்பிப் போட்டேன்.

இரண்டு பெண்குரல்கள். ஒன்று ஒரு வரியைப் புலம்பலாக இழுத்துப் பாடியது. மற்றது அதைத் திருப்பிப் பாடியது. மற்றது என் அம்மா.

தபசுகாலத்தில் எங்கள் கோயிலில் பெண்கள் கூடி, இயேசு ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளைப் புலம்பிப் பாடுவார்கள். அதை வருசக்கணக்காக முன்னின்று பாடிய பக்கத்து வீட்டு மாமி, கனடாவில் இருக்கும் மகளிடம் போக இருந்தார். அவருடைய இடம் அம்மாவுக்கு வந்திருந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் மாமியைப் பாடவைத்துப் பதிந்து, கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்.

நிறுத்தாமல் ஓட விட்டேன். மாமி இருமினார். "இண்டைக்கு இவ்வளவும் காணும் பிள்ளை" என்றார். டக்கென்று ஒரு சத்தம். அதன்பின், அழியாமல் தப்பிய அந்த மனிதரின் தொனி. முதற்பக்கத்தைவிடத் தாழ்வாக, காதால் அல்ல, வயிற்றால் கேட்பதுபோல. சில நிமிடங்கள்தான்.

பூசையால் வந்த அம்மா முக்காட்டைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"அம்மா, இதுக்கு மேலயோ பதிஞ்சனீங்கள்?"

"வெறுங் கசெற்றெல்லோ அது? போட்டுப் பாத்தனான். உள்ளுக்க ஒண்டுமில்லை, ஒரே இரைச்சல்."

"அந்த இரைச்சல்தானம்மா அது."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடைசிப் பகுதி இன்னும் கிடக்கு. நாளைக்குப் பின்னேரம் மாமி வருவா. மிச்ச இடத்தில அடங்கும்."

அந்த மிச்ச இடம்தான் எனக்கு மிச்சம்.

"போனில பதிஞ்சு தாறன்."

"போன் உன்னோட ஊர் சுத்தப் போயிடும். நான் கறி துழாவேக்க ஆரின்ர போனில கேக்கிறது? இந்தப் பெட்டியெண்டால் ஈரக்கையோட அமத்தலாம். ஏன், மற்றப் பக்கத்தில பதியட்டோ?"

"ஐயோ, வேண்டாம்!"

மறுநாள் காலை, வெறுங் கசெற் தேடி மன்னார் பசாருக்குப் போனேன். "கசெற்றோ? தம்பி இப்பதான் நித்திரையால எழும்பினீங்களோ?" என்று ஒரு கடையில் சிரித்தார்கள். றேடியோ திருத்தும் முஸ்லிம் நானா ஒருவர் மேசை லாச்சியைக் கிளறி ஒன்றை வெளியே எடுத்தார். என் கை தானாக நீண்டது. அவர் அதை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

"இருக்குது எண்டு காட்டினனான், தாறதுக்கில்லை. வாப்பா கேட்ட மார்க்கப் பயான் இது. இதுக்கு மேல மனிசன் பதிவானோ?"

வெறுங்கையோடு வந்தேன். மாமி வருவதற்குக் கொஞ்ச நேரமே இருந்தது. வீட்டுக்குள் நடந்துகொண்டே, "மாமியின்ர பாட்டுப் புத்தகத்தை வாங்கித் தாங்கோ, கடைசிப் பகுதியை நான் வாசிச்சுக் காட்டுறன்" என்றேன். தாய்க்கு உதவும் எண்ணத்தில் வந்த பேச்சல்ல. அந்தச் சில நிமிடங்களைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை.

அம்மா, "ராகம் எனக்குத் தெரியும், சொல்லுத்தான் வேணும். முதல் உன்னட்டைத்தான் கேக்க இருந்தனான். நீ எப்பவும் காதை அடைச்சுக்கொண்டெல்லோ திரியிறாய்" என்றார்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் மாமியின் புத்தகத்தோடு இருந்தோம். நான் ஒரு வரி வாசிப்பேன். அம்மா அதை மூச்சு முடியும்வரை இழுப்பார். அவர் முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டும். என் கால் ஆடும்.

"காலை ஆட்டாதை. பஸ்ஸுக்கே ஓடுறாய்? மாதா சிலுவையடியில நிக்கிறா. நீ அவவைத் தறதறவெண்டு இழுத்துக்கொண்டு போறாய்."

ஒருநாள் வரிகளுக்கிடையில், "சரி, காப்பாத்தி வச்சிருக்கிறதைப் போடு பாப்பம்" என்றார். போட்டேன். அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்ப தொடங்கும்?"

"தொடங்கிட்டுதம்மா."

கசெற் முடிந்து பொத்தான் தானாக மேலே வந்தது.

"பாதியெல்லோ இது?"

"ஓம். முன்னுக்கு இருந்தது அழிஞ்சு போயிட்டுது."

"என்ன இருந்தது அதில?"

"தெரியாது. நான் கேக்கேல்லை."

அம்மா எழும்பி அடுப்படிக்குப் போனார். நான் படலைவரை போய்த் திரும்பி வந்தேன். உள்ளே சட்டி வைக்கும் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு அவர் குரல்:

"தம்பி, நாளைக்கு வாசிக்கிறதை இண்டைக்கே வாசியன். கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் இருந்தேன்.