கிராங்கில் கசிந்த கோடு

என்ஜினைப் பிரித்துக் கழுவுகிற தொழிலில் கை கறுப்பது ஒரு மாதத்தில் பழகிவிடும். பயம் மட்டும் கடைசிவரை பழகாது. டீசலில் கை ஊறியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் கிராங்க்

பிஸ்டன்கள் சுழற்றுகிற கனத்த தண்டுதான் கிராங்க். அதை டீசலில் ஊறவைத்து, துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் தூள் பூசுவேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த டீசல் கசிந்து வெள்ளையில் ஈரக்கோடு விழும். நாலு வருடம் முன்பு சங்ககிரி லாரி முதலாளி ஒருவருடைய கிராங்கில் அப்படிக் கோடு கண்டு, ஆகாது என்றேன். அவர் சேலம் கொண்டுபோய்ச் சோதித்தார். விரிசல் இல்லை, வெறும் மேல்கீறல். பட்டறைக்கு எதிர் டீக்கடைப் பக்கம் நான் இன்றுவரை போகாததற்குக் காரணம், அங்கே பத்துப் பேர் முன்னால் அவர் சொன்ன சொல்: "சோதிக்க வேண்டியது கிராங்க் இல்லீங்க, உங்க கண்ணுதானுங்க."

அதே முதலாளி, வேறு லாரி

போன மாதம் அவரே இன்னொரு லாரியை அனுப்பினார். கிராங்கின் எண்ணெய்த் துளைகளைக் கம்பி விட்டுக் கழுவி, தூள் பூசினேன். ஒரு மூலையில் மயிரிழைக் கோடு. துடைத்துவிட்டுப் பூசினேன், வந்தது. மறுபடியும் வந்தது. சொன்னால் திரும்பவும் டீக்கடைப் பேச்சு. அவர் லாரிதானே, என்னமோ ஆகட்டும் என்று ஒரு கெட்ட எண்ணமும் வந்தது.

"கீறல்தான்" என்றேன். பக்கத்தில் வால்வு தேய்த்துக்கொண்டிருந்த ராசு, இருபது வருடமாக என்னோடு இருக்கிறவன், நிமிரக்கூட இல்லை. "கீறல் ஒருக்கா கசியுமுங்கண்ணா. மூணு தடவையுமா கசியும்?"

டிரைவர்

ராசு சொன்னதைக் கேட்டும், அதே கிராங்கைப் போட்டு என்ஜினைப் பூட்டி ஓடவிட்டோம். சத்தம் சீராக இருந்தது. வண்டி எடுக்க டிரைவர் செல்வம் வந்தார். மறுநாள் கொல்லிமலையிலிருந்து மர லோடு இறக்க வேண்டும் என்றார். அந்த வண்டிக்குள் உட்காரப்போவது யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியும் சாவியை எடுத்து நீட்டினேன். அவர் கதவைத் தட்டிச் சிரித்தார்: "நீங்க பாத்து உட்டா, கொண்டை ஊசி வளைவுல கண்ண மூடிட்டு எறங்கலாமுங்க."

காரவள்ளி

மறுநாள் காலையில் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன். செல்வத்துக்குப் போன் போட்டேன். மலையில் டவர் இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு அடிவாரம் காரவள்ளிக்கு விரட்டினேன். பாரத்தோடு இறங்கும்போது கிராங்க் முறிந்தால் என்ஜின் நிற்கும், ஸ்டியரிங் கல்லாகும், பிரேக்குக்குக் காற்று ஏறாது. ஒவ்வொரு ஹாரனுக்கும் சாலைக்கு ஓடிப் பார்த்தேன்.

மதியம் அந்த லாரி கடைசி வளைவில் தெரிந்தது. என்ஜினுக்குள் சுத்தியல் அடிப்பதுபோல் சத்தம். சாலை நடுவே நின்று கைகாட்டி நிறுத்தினேன். செல்வம் இறங்கி, என் முகத்தையே பார்த்தார். "தெரிஞ்சுதான் உட்டீங்களாண்ணா?"

முதலாளி

கட்டி இழுத்து வந்து பிரித்தோம். கோடு பாதிச் சுற்று ஓடியிருந்தது. முதலாளி வந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கத்துவார் என்றுதான் நினைத்தேன். அவர் விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். "நீங்க சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேனுங்க. ஆனா நீங்க சொல்லியிருக்கோணுமில்லீங்க?"

அவர் சொன்னது நியாயம்தான். டீக்கடைப் பேச்சுக்காக மட்டுமில்லை, இந்த நியாயத்துக்காகவும் அவரை நான் மன்னிக்கப்போவதில்லை.