மந்துக்கால் பற்றி ஒரு பிரசங்கம்

பல்கலைக்கழகத்தில் நான் கொசு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலம் அது. ஐம்பத்திரண்டாம் வருஷமாக இருக்கலாம். யானைக்கால் நோயை, திருவனந்தபுரத்தில் மந்து என்பார்கள், பரப்புகிற கொசுதான் என் பாடம். ஆராய்ந்தால் மட்டும் போதாது, ஊராருக்குப் புரியும்படி சொல்லவும் வேண்டும் என்று எங்கள் புரொபசருக்குப் பிடிவாதம். தமிழ் பேசுகிறவன் என்பதால், தமிழ்க்காரர்கள் நிறைந்த ஸ்ரீவராகம் பகுதியின் வாசகசாலை என் தலையில் விழுந்தது.

குளத்துத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடி ஜாடியை மேஜைமேல் வைத்து நிமிர்ந்தபோதுதான் இரண்டாவது வரிசையில் அவரைப் பார்த்தேன். இரண்டு மாதம் முன்பு அவர் பெண்ணைப் பார்க்கப் போயிருந்தோம். எனக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. காப்பி கொண்டுவந்த அவள் அம்மாவின் இடது கால் வீங்கியிருந்ததை என் அம்மா கவனித்துவிட்டாள். "அது நம்மாத்துக்கு வேண்டாம்டா" என்றாள். அது பரம்பரையாக வருகிற வியாதி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

ஜாடியில் மிதந்த ஆகாயத்தாமரையைத் தூக்கி, வேரில் கொசுப் புழுக்கள் தொங்குவதைக் காட்டினேன். குளத்தைச் சுத்தம் செய்யாதவர்களைக் கொஞ்சம் திட்டவும் செய்தேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். எல்லோரும் ஜாடியைப் பார்த்தார்கள், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் நடுவில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தபடியே பேசி முடித்தேன்.

யாராவது ஏதாவது கேட்கலாம் என்றார் கூட வந்திருந்த புரொபசர். பெண்ணின் அப்பாதான் முதலில் எழுந்தார்.

"அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வருமோ, சார்?"

"வராது. கொசு கடிச்சுத்தான் வரும்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்து, நான் ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பின்னே, இப்போ சொன்னேளே, அதை இதிலே எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுத் தரணும். நாளைக்கு நாகர்கோவில்லேர்ந்து பொண்ணு பாக்க வரா. நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க சொன்னா நம்புவா."

எழுதிக் கொடுத்தேன். பெரிய உபகாரம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சபையில் வைத்து அவர் என்னைக் காறித் துப்பியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.