அவுட்டோர் மெஷினுக்குக் கட்டிய சேலை

என் மூத்த ஓரகத்தி வீட்டு வாசலில் ஏசி சர்வீஸ்காரர் பைக் வந்து நின்றால், அன்றைக்கு என் குழம்பில் உப்பு கூடிவிடும். பொறாமைதான், வேறென்ன.

என் வீட்டுக்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் ஒரே சுவரை ஒட்டிய இரண்டு வீடுகள். ஏசியும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியது. அவள் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளை வரவழைப்பாள். "நல்லா ஓடுத மெஷின எதுக்குப் போட்டு நோண்டணும்? தெரு பாக்கணும்னே கூப்பிடுதா" என்பேன் என் வீட்டுக்காரரிடம். அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

போன பங்குனியில் தன் மொட்டைமாடிக்குத் துணி காயப்போட வந்தவள், இந்தப் பக்கம் இருந்த என் ஏசியின் அவுட்டோர் மெஷினைப் பார்த்து, "ஏட்டி, ஒன்னோடது இன்னும் புதுசாவே இருக்கே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் தலை மறைந்ததும் ஒரு பழைய நூல்சேலையை எடுத்து மெஷினை நாலு சுற்று சுற்றி இறுக்கி முடிந்தேன். மேலே திருஷ்டிக்கு ஒரு படிகாரக் கட்டியையும் தொங்கவிட்டேன். அவள் கண் பொல்லாத கண்.

சித்திரையில் ஏசி ஓடியது, அறை குளிரவில்லை. எட்டாவது படிக்கும் என் மகள் தலையணையைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் படுக்கப் போனாள். முதலில் ஒருநாள், பிறகு தினமும். ஏசி போனால் போகிறது, பெற்ற பிள்ளையையும் அவளுக்கு விட்டுக்கொடுப்பேனா? கடைசியில் அதே சர்வீஸ்காரரைத்தான் கூப்பிட்டேன்.

கடையநல்லூர்க்காரர், துபாயில் இதே வேலை பார்த்தவர். ஃபில்டரைக் கழற்றினார். பக்கத்துத் தறிப்பட்டறைப் பஞ்சு அதில் கம்பளி மாதிரி அப்பியிருந்தது. அடுத்து மாடிக்குப் போனவர் அங்கிருந்தே கத்தினார்.

"யக்கா, மெஷினுக்கு யாரு சேல கட்டிவிட்டது? சூடு வெளிய போவ வழியில்லாம மூச்சுமுட்டிக் கெடக்கு!"

நான் ஏறிப் போய்ப் பார்த்தால், அடுத்த மாடியில் ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

"வருசத்துக்கு எத்தன தடவ சர்வீஸ் பண்ணணும்?" என்று முனகினேன்.

"ஃபில்டர மாசம் ஒருக்க நீங்களே கழுவிக்கிடுங்க. வெயிலுக்கு முன்ன ஒருக்க நான் வந்தாப் போதும். பஞ்சு ரொம்ப அடைஞ்சா ஒரு போன் போடுங்க."

அவ்வளவுதான் விஷயம். இதற்கா இத்தனை நாள் வீம்பு பிடித்தேன்?

சாயங்காலத்துக்குள் அறை ஜில்லென்று ஆனது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்கும்மா" என்றாள். ஆனாலும் தலையணையை எடுத்தாள்.

"அவ என்ன மருந்து வச்சா ஒனக்கு?" என்றேன்.

"இதுக்குத்தாம்மா போறேன். இங்கன படுத்தா நீ தூங்குத வரைக்கும் பெரியம்மாவ ஏசுத. அவங்க ஒன்னப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசமாட்டாங்க. ஏசி இல்லன்னாலும் எனக்கு அங்கனதான் தூக்கம் வருது."

அன்றைக்கு அறை நடுங்கக் குளிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் சிரிப்பது கேட்டது. பொறாமையாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்; மகள் சொன்னது ஞாபகம் வந்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.