கரமனையில் நின்ற இரண்டு நிமிடம்

நகரைச் சுற்றி வரும் சின்ன பஸ் எங்கள் கரமனைக்கும் வேண்டுமென்று மனு எழுதியவன் நான்தான். பஸ் வந்தது. முதல் வருடம் உட்கார இடம் கிடைக்காது. நான் தாமதித்தால் டிரைவர் ஹாரன் அடித்துக் காத்திருப்பார்.

பிறகு ஸ்கூட்டர் வாங்கினேன். டிரைவரிடம் சொல்லவில்லை, இதையெல்லாமா சொல்வார்கள்? தெருவில் மற்றவர்களும் ஒவ்வொருவராக வண்டி வாங்கினார்கள். காலியாக ஓடிக்கொண்டிருந்த பஸ் ஒருநாள் வராமலே போனது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொதுமக்களை வஞ்சித்துவிட்டதாகக் காரசாரமாக இன்னொரு மனு எழுதி, முதல் கையெழுத்தும் போட்டேன்.

அதைக் கொடுக்கப் போன டெப்போவில் அந்த பஸ்ஸின் கண்டக்டர் நின்றிருந்தார். நாகர்கோவில்காரர்.

"சாருக்கு மேலுக்குச் சுகமில்லியோன்னு நெனச்சோம். கடைசி நாள் வரைக்கும் உங்க ஸ்டாப்புல ரெண்டு நிமிசம் நிறுத்திப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்போம்" என்றார்.

"ஆமாம், கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை" என்றேன்.

அவர் என் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"இப்பம் பரவால்லியா சார்?"